தனி மின்தொகுப்பு போனது சரி, மோட்டார் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட மாநிலங்கள் இருளில் மூழ்கின. முதலில் வடக்கு மின்தொகுப்பு, மறுநாள் அதோடு கிழக்கும் வடகிழக்கும் சரிந்தன. தமிழகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது தனியாக ஓடியதே காரணம். தால்ச்சர்–கோலார் போன்ற சில நேர்மின் பாதைகள் மட்டுமே வெளியோடு தொடர்பு.

தனியாக இருந்ததால் பட்ட பாடும் மறந்திருக்காது. அதே ஆண்டில் நம் கிராமங்களில் நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லை. மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று ராத்திரியில் டார்ச்சோடு கிணற்றடியில் காத்துக் கிடந்தோம். வெளி மாநிலத்தில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தாலும் கொண்டுவரப் பாதை போதவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே தொகுப்பானது. இணைந்ததில் நமக்கு லாபமே.

கம்பி இணைந்தது வேறு, இலவச மின்சாரத்தை யார் முடிவு செய்வது என்பது வேறு. மின்சாரம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசும் சட்டம் போடலாம். இப்போது 2003 மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவுப்படி, நமக்கான மானியத்தை மாநில அரசு மின் நிறுவனத்துக்குக் கட்டுகிறது. அதை நுகர்வோரின் வங்கிக் கணக்கில் போடலாம் என்றது 2020-ன் திருத்த வரைவு. டெல்லி எல்லையில் போராடிய விவசாயிகள் அதையும் எதிர்த்தார்கள். 2022-ல் வந்த திருத்த மசோதா நிலைக்குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை.

சட்டம் வராவிட்டாலும் நெருக்கடி வரும். மின்துறைச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்குக் கூடுதல் கடன் அனுமதி என்று 2021-ல் மத்திய அரசு அறிவித்தது. அதற்கு விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் வைப்பதும் ஓர் அளவுகோல்.

மீட்டரைவிட எனக்குக் கவலை தருவது பெயர்தான். பல கிணறுகளில் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் ஒரே மோட்டாரில் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். மானியம் வங்கிக் கணக்குக்கு மாறினால் அது யார் கணக்கில் விழும்? குத்தகைக்கு உழுபவருக்கு எதுவும் வராது.

உங்கள் மின் இணைப்பு எண் யார் பெயரில் இருக்கிறதென்று இந்த வாரமே பாருங்கள். பழைய பெயர் என்றால் பட்டா, வாரிசுச் சான்றிதழோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். கூட்டுக் கிணறு என்றால் எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.