மீன் தொட்டியில் சமாதானம் சாத்தியமா?

"ஐயா, சண்டை போடாத சிக்லிட் எது?"

நோட்டன் பிரிட்ஜிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ப்பு மீன் மீது ஆசை கொண்ட இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செய்தித்தாள் வேலையோடு மீன் தொட்டியையும் பல வருடங்களாக விடாமல் வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஹட்டனுக்குப் போய் வாங்கி வந்துவிடலாம் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. ஆனால் இந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது என்பதுதான் என் கருத்து. சாதுவான சிக்லிட் என்று பிறவியிலேயே ஓர் இனம் கிடையாது. நீரும் இடமும் மறைவிடமும் எண்ணிக்கையும் பொருந்தி வரும்போது சாதுவாக வாழ்கிற சிக்லிட்டுகள் உண்டு. அவை பொருந்தாதபோது அதே மீன் கொலைகாரனாகிவிடும்.

சிக்லிட் என்றவுடன் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். உண்மை அதுவன்று. ஆபிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் பெருகிக் கிடக்கும் இந்தக் குடும்பத்துக்கு ஆசியாவில் உள்ள உறவினர் மிகச் சிலரே. அவர்களில் இருவர் நம் நாட்டவர்கள். சிங்களத்தில் கொரலியா என்று அழைக்கப்படும் பச்சை நிற மீன் ஒன்று. கேரளத்தார் அதைக் கரிமீன் என்று கொண்டாடுகிறார்கள்; 2010இல் அதைத் தங்கள் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். மற்றது அதைவிடச் சிறிய, மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த தம்பி. இவ்விரண்டின் மிக நெருங்கிய உறவினர்கள் மடகஸ்கார் தீவில் இருக்கிறார்கள். இவர்களோடு 1952இல் அரசாங்கமே கொண்டுவந்து விட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பிடிபட்டுக் கறிச்சட்டிக்கு வரும் திலாப்பியாவும் ஒரு சிக்லிட்தான்.

இந்தக் குடும்பத்தின் சிறப்பு என்ன? பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட் போகாது. முட்டையைக் காக்கும், குஞ்சுகளை மேய்க்கும், சில இனங்கள் வாய்க்குள் வைத்தே வளர்க்கும். பிள்ளை காக்க ஓர் எல்லை வேண்டும். எல்லை வேண்டுமென்றால் அயலானை விரட்ட வேண்டும். நாம் எந்தப் பாசத்தைப் பார்த்து மயங்கி அதை வாங்குகிறோமோ, அந்தப் பாசத்திலிருந்தே அதன் சண்டைக்குணமும் பிறக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், 1963இல் வெளியிட்ட ஆக்கிரமிப்புக் குணம் பற்றிய தமது நூலில் சிக்லிட்டுகளைப் பற்றி ஒரு விந்தையைச் சொல்கிறார். ஒரு சோடியைத் தனியே ஒரு தொட்டியில் விட்டால் அமைதியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? விரட்டுவதற்கு அயலான் இல்லாதபோது ஆண் மீன் தன் துணையின் மீதே பாய்கிறது என்பது அவரது அவதானிப்பு. ஆன் ராசா என்ற ஆய்வாளர் 1969இல் இதனைச் சோதித்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட மீன் வேறெதுவுமில்லை, நமது செம்மஞ்சள் தம்பிதான். பிற மீன்களின் முகமே தெரியாமல் அடைக்கப்பட்ட சோடிகளுக்குள் பூசல் மிகுந்திருந்தது. ஆகவே, "மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சமாதானம் வந்துவிடும்" என்ற எண்ணம் மீனுக்கும் பொருந்தாது.

இயற்கையில் இவை எப்படி வாழ்கின்றன? 1970களில் வார்ட், வைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இலங்கையின் நீர்நிலைகளில் இவ்விரு மீன்களையும் ஆராய்ந்தார்கள். பச்சை மீனின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் பூஞ்சணத்தையும் செம்மஞ்சள் மீன் கொத்தித் துப்புரவு செய்கிறது என்று எழுதினார்கள். அதே செம்மஞ்சள் மீன் சந்தர்ப்பம் கிடைத்தால் பச்சை மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். இது நட்பா, பகையா? இரண்டுமே. களப்பு பெரியது, விலகிப்போக இடம் இருக்கிறது, அதனால் இரண்டும் ஒன்றாக வாழ்ந்து வருகின்றன. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் அந்த விலகும் இடத்தை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

இனி, நம் ஊருக்கு என்ன பொருந்தும் என்பதைப் பார்ப்போம். மீனைத் தெரிவுசெய்வதற்கு முன் நீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையகத்தின் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. கடைகளில் பளிச்சென்ற மஞ்சளிலும் நீலத்திலும் மின்னும் மலாவி ஏரிச் சிக்லிட்டுகளோ கடின நீரில், பி.எச். எட்டை ஒட்டிய காரத்தன்மையில் பிறந்து வளர்ந்தவை. அவற்றை மென்னீரில் போட்டால் நிறம் மங்கும், நோய் பற்றும். தென்னமெரிக்க ஏஞ்சலையும் மலாவி மஞ்சளையும் ஒரே பையில் கட்டித் தருவது, ஒருவருக்கு உப்பில்லாக் கஞ்சியையும் மற்றவருக்கு உப்புக்கண்டத்தையும் ஒரே தட்டில் பரிமாறுவது போன்றது. மென்னீர் இருக்கும் ஊரில் மென்னீர் மீனை வளர்ப்பதே அறிவு, செலவும் குறைவு.

அடுத்தது குளிர். ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருக்கும் நோட்டனில் மார்கழி, தை இரவுகள் இந்த மீன்களுக்கு ஆகா. ஹீட்டரும் ஒரு வெப்பமானியும் இல்லாமல் சிக்லிட் வளர்க்க நினைப்பது வீண். அழகுக்குப் பெயர்போன ரமிரெசியும் டிஸ்கஸும் 28 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தைக் கேட்பவை. மின்சாரம் நின்றால் முதலில் சாவதும் அவையே. விமலசுரேந்திர மின்நிலையமும் லக்சபானாவுக்கு நீரனுப்பும் அணையும் இருக்கும் ஊரில் மின்சாரம் நிற்குமா என்று கேட்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதை நாம் மறந்துவிடவில்லை. குளிரைச் சற்றுத் தாங்கும் இனத்தை, குறைந்த எண்ணிக்கையில் வைத்திருப்பவருக்கே அத்தகைய நாட்களில் மீன் மிஞ்சும்.

ஆக, என் பரிந்துரை இதுதான். மூன்றடி நீளமும் பதினைந்து அங்குல அகல உயரமும் கொண்ட, சுமார் 130 லீட்டர் பிடிக்கும் தொட்டிக்கு ஒரே ஒரு சோடிக் குள்ளச் சிக்லிட் போதும். மேற்கு ஆபிரிக்காவின் கிரிபென்சிஸ் நல்ல தெரிவு. விரலளவே வளரும், பெண் மீனின் வயிறு இனப்பெருக்கக் காலத்தில் பழுத்த செர்ரியின் நிறம் கொள்ளும். கிடைத்தால் பொலிவியன் ராம் அதைவிட நல்லது. 24, 25 பாகையிலேயே திருப்தியாக இருக்கும். கூச்சமே குணமாகக் கொண்ட கீஹோல் சிக்லிட்டும் தகும். இவற்றுள் ஏதாவது ஒன்று, மூன்றும் அல்ல. ஏஞ்சல் வேண்டுமென்போர் பதினெட்டு அங்குல உயரமுள்ள நாலடித் தொட்டிக்குப் போக வேண்டும். வாய்க்குள் அடங்கும் நியோன் போன்ற சிறு மீன்களை அதனுடன் விடக்கூடாது. ஏஞ்சல் வளர வளர, அவை ஒவ்வொன்றாகக் காணாமற் போகும்.

சிக்லிட்டுக்குத் துணையாக மேல்நீரில் திரியும் சிறு மீன் கூட்டம் ஒன்று அவசியம். சிறு மீன்கள் அச்சமின்றி நீந்துவதைக் கண்டால் சிக்லிட்டும் ஆபத்தில்லை என்று உணர்ந்து வெளியே வரும். அதன் கவனமும் ஒரே எதிரியின் மீது குவியாது. இதற்கு நம் நாட்டுச் செர்ரி பார்ப் எட்டு, பத்து போதும். சிங்களத்தில் லே தித்தியா என்பார்கள். களனி கங்கைப் படுகை முதல் தெற்கே நில்வளா வரையுள்ள ஓடைகளுக்கே உரிய மீன் அது. உலகெங்கும் பண்ணைகளில் பெருக்கப்படுகிறது. பண்ணை மீனையே வாங்குங்கள். ஓடையில் வலை போடாதீர்கள்.

தொட்டியை ஒழுங்கு செய்வது ஒன்றும் பெரிய வித்தையன்று. ஓட்டையிட்ட தேங்காய்ச் சிரட்டை இரண்டு மூன்றை அரை அடிக்கு மேல் இடைவெளி விட்டுக் கவிழ்த்து வையுங்கள். சோடி ஒன்றுக்கு ஒரு சிரட்டை என்று கணக்குப் பார்க்காமல், ஒன்று எப்போதும் மேலதிகமாக இருக்கட்டும். ஒரு மீனின் பார்வையிலிருந்து மற்றது மறையும்படி கல்லும் செடியும் குறுக்கே நிற்கட்டும். புதுத் தொட்டியின் நீர் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், பொறுத்திருங்கள். சிறு மீன்களை முதலிலும் சிக்லிட்டைக் கடைசியிலும் விடுங்கள். முதலில் குடியேறியவனுக்கே ஊர் சொந்தம் என்பது சிக்லிட்டின் சட்டம். பின்னர் புதிதாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் கற்களை இடம் மாற்றிவிடுங்கள். பழைய எல்லைகள் அழிந்து எல்லாரும் புதிதாகத் தொடங்குவார்கள்.

தோட்டத்தில் இருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. மழைக் காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து தெளிப்பது வழக்கம். செப்பு மீனுக்கு நஞ்சு; மென்னீரில் அதன் நச்சு இன்னும் கடுமையாகும். தேயிலை மலைக்குக் கீழே ஊறி வரும் பீலியானால் மருந்தடிக்கும் நாட்களில் அந்த நீரைத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. வசதியிருந்தால் காட்டோரத்து ஊற்று நீரைப் பயன்படுத்துவது நல்லது.

இவ்வளவையும் கடைக்காரர் சொல்வாரா? பெரும்பாலும் சொல்வதில்லை. ஓர் அங்குல ஒஸ்கார் குஞ்சு ஓர் அடிக்கு வளரும் என்பதைச் சொன்னால் வியாபாரம் நடக்காது. அதிர்ஷ்டம் தரும் என்று கடைகளின் காசு மேசையருகே வைக்கப்படும் பிளவர் ஹோர்ன், 1990களில் மலேசியாவில் மனிதன் கலந்து உருவாக்கிய கலப்பினம். அது வேறெந்த மீனோடும் சேர்ந்து வாழாது என்பதையும் சொல்வதில்லை. ஆறு மாதத்தில் தொட்டி போர்க்களமாகிறது. பிறகு அந்த மீன் எங்கே போகிறது?

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. கொல்ல மனமில்லாதவர்கள் வாளியோடு ஓயாவுக்குப் போகிறார்கள். புண்ணியம் செய்வதாக நினைக்கிறார்கள். கெசல்கமு ஓயா நம் ஊரோடு முடிவதில்லை. வான்கதவு திறக்கும்போது நீர் கீழிறங்குகிறது. மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. மேலே குளிர் தாங்காத மீனுக்குக் கித்துல்கலையின் வெதுவெதுப்பு இதமானது. அந்தப் பகுதியில்தான் உலகில் வேறெங்கும் இல்லாத அசோகா பார்ப் என்ற மீன் அழிவின் அச்சுறுத்தலோடு வாழ்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்ய என்று விற்கப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன் இன்று நம் ஆறுகளில் நிலைகொண்டுவிட்டது. ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பேர்ச் என்ற ஒரே மீன், நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் அழிவதற்கோ அருகிப்போவதற்கோ முக்கிய காரணமாயிற்று. ஒரு வாளி மீன் என்ன செய்துவிடும் என்று கேட்போர் அந்த ஏரியின் கதையைப் படிக்க வேண்டும்.

வாழ்க்கையே போராட்டமாக இருக்கும் மலையகத்தில் மீனின் சமாதானம் ஒரு பேசுபொருளா என்று சில நண்பர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். "லயத்து ஆட்கள் எந்நேரமும் சண்டைக்காரர்கள்" என்ற பழிச்சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் மூன்று தலைமுறையை அடைத்துவிட்டு, பொதுப் பீலியில் நீருக்கு வரிசையில் நிற்கவும் வைத்துவிட்டுச் சண்டையை அவர்களின் குணம் என்றார்கள். மனிதனையும் மீனையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் இட நெருக்கடியைப் பார்க்காமல் குணத்தைக் குறை சொல்லும் பார்வை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் கேட்டு நிற்கும் நம் மக்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் மூன்று வரி தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள்: இந்த மீன் எவ்வளவு வளரும், எந்த நீர் வேண்டும், யாரோடு சேராது. வளர்க்க முடியாமற் போன மீனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளுங்கள். அதிகாரிகள் சட்டம் கொண்டுவரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன் வாங்கப் போகும் தம்பிமாரும், "சண்டை போடாத மீன் எது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என் வீட்டுத் தண்ணீருக்கும் என் தொட்டியின் அளவுக்கும் எது பொருந்தும்?" என்று கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் மீன் வாங்காதீர்கள்.