சூட்டில் ஒட்டியது சூட்டில் விடும்



பெருநாள் ஆடையிலோ புர்காவின் கைப்பகுதியிலோ இஸ்திரிச் சூட்டால் ஒட்டப்பட்ட கற்கள் உதிர்ந்தபின், அவ்விடங்களில் பசை கெட்டியாகத் தங்கிவிடுகிறது. தையற்காரர் கழுத்தில் ஒட்டிய கேன்வாஸைப் பிரித்தாலும் இதே நிலைதான். சோப்பிட்டுத் துவைத்துப் பயனில்லை. நகத்தால் சுரண்டினால் இழைதான் அறும். முடிவில் ஒரு நல்ல ஆடை பெட்டியின் அடியில் முடங்கிவிடுகிறது.

இப்பசை பாலியமைடு, பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்ததாகும். அது நீரில் கரையாது. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். எனவே அதை அகற்றும் வழியும் சூடே ஆகும்.

முதலில் உள்மடிப்பின் ஓரத்தில் சோதித்துக் கொள்ளுங்கள். பிறகு, பசையுள்ள பக்கம் கீழே இருக்குமாறு பழுப்புநிறத் தாளின்மீது துணியை விரித்து, பின்புறத்தில் பத்து விநாடி இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். சூடு ஆறுமுன் துணியைத் தாளிலிருந்து மெல்ல உரியுங்கள். கற்கள் எஞ்சியிருப்பின் சிறு இடுக்கியால் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் புதுத்தாள் வைத்து, பசை தாளில் ஏறும்வரை தொடருங்கள்.

சூட்டின் அளவே இதில் முக்கியம். இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளி (ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ்) பருத்திக்கு. இரண்டு புள்ளி (150) பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும். ஒரு புள்ளி (110) நைலானுக்கு. பசை இளகவில்லையே என்று இவ்வளவை மீறாதீர்கள். தென்னேரி போன்ற சிற்றூர்களில் கரிப்பெட்டியைப் பயன்படுத்துவோர், சூட்டை அளந்து வைக்க இயலாதாகையால், இடையில் தடித்த பருத்தித் துணியை விரிப்பது நன்று.

பருத்தியில் எஞ்சும் மினுமினுப்பை, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் ஒற்றி எடுக்கலாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் சில பசைகளைக் கரைக்கும். ஆயினும் அசிடேட் துணியையும் கரைத்துவிடும். இவ்விரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றால் நனைந்த துணி நன்றாக உலருமுன் இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டு செல்லலாகாது.

காஞ்சிப் பட்டுக்கு இத்திரவங்கள் வேண்டாம், சாயம் கலங்கக்கூடும். அதன் அசல் சரிகை, பட்டிழையில் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதாகும். சூட்டில் விடாத பசையைத் தேர்ந்த சலவைக்காரரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. இனிப் பட்டில் கல் பதிக்க விரும்பினால், ஒட்டாமல் ஊசி நூலால் தைக்கச் சொல்லுங்கள். தைத்ததைப் பிரிக்க ஒரு கத்தரிக்கோல் போதுமன்றோ!