ஈரல் கெட்ட நாய்க்குப் பத்தியச் சோறா?

நாய்க்குக் கண்ணும் ஈறும் மஞ்சளித்துவிட்டால், அல்லது ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி ஏறியிருப்பது தெரிந்தால், நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது கறியும் முட்டையும்தான். மனிதருக்குக் காமாலை கண்டால் வைக்கிற பத்தியம் அப்படியே நாயின் தட்டுக்கும் வந்துவிடுகிறது: மோர்ச்சோறு, தயிர்ச்சோறு, காலையில் கீழாநெல்லி உருண்டை. புரதம் ஈரலுக்குச் சுமை, அதற்கு ஓய்வு கொடுத்தால் தானே தேறிவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். அன்பினால் செய்வதில் சந்தேகமில்லை. ஆனால் தேறக்கூடிய நாயையும் எலும்பும் தோலுமாக்கிவிடுகிற அன்பு இது.

ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. அந்தப் புதுச் செல்களைப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டுதான் கட்ட முடியும். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் ஆல்புமினை உருவாக்குவதும் ஈரல்தான். அது மிகவும் குறைந்தால் வயிற்றில் நீர் கோக்கும். ஈரல் நோயுள்ள நாய்க்கும், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் புரதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு அது 40 கிராம். சோறும் தயிரும் சரிபாதியாகப் பிசைந்த அரைக் கிலோ தயிர்ச்சோற்றில் கிடைப்பது 15 கிராமைத் தாண்டாது. அதோடு 100 கிராம் எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறி சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். சேராவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும். தயிரும் சோறும் எளிதில் செரிக்கும், அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவை மட்டுமே என்று ஆக்குவதுதான் கேடு.

கறி தின்றால் அம்மோனியா ஏறி மூளையைத் தாக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஈரல் வெகுவாகப் பழுதானாலோ, பிறவியிலேயே ரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு போகும் குறை இருந்தாலோ அப்படி நேரும். அந்த நாய் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வட்டமடிக்கும், எச்சில் ஒழுக மந்தமாகக் கிடக்கும். அப்போது மருத்துவர் புரதத்தின் அளவைக் கட்டுப்படுத்துவார், கறிக்குப் பதில் முட்டை, பனீர், சோயா என மாற்றுவார், அம்மோனியாவைக் குறைக்க லாக்டுலோஸ் மருந்து கொடுப்பார். இந்த அறிகுறிகள் எதுவுமில்லாத நாயிடம் அதே கட்டுப்பாட்டைத் திணிப்பது தலைகீழான வைத்தியம். ஈரலால் முடியாதபோது அம்மோனியாவைப் பிடித்து மாற்றுவது தசைதான், பத்தியம் கரைப்பதும் அந்தத் தசையைத்தான். ஈரலுக்கு ஈரல் நல்லது என்று ஆட்டு ஈரல் போடுவதும் தவறு. அதில் செம்பு மிகுதி. லாப்ரடார், டாபர்மேன் போன்ற இனங்களில் செம்பு ஈரலில் தேங்கியே நோயாவது உண்டு.

கீழாநெல்லிக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது 1988இல் லான்செட் இதழில் வெளிவந்த சென்னை ஆய்வு. அது ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமக்கும் மனிதர்களைப் பற்றியது. அதன் முடிவு பிற்காலச் சோதனைகளில் உறுதிப்படவுமில்லை. அந்தக் கிருமி நாய்க்கு வருவதே இல்லை. கடையில் வாங்கும் சிலிமாரின், சாமி (SAMe) மாத்திரைகளும் துணை மருந்துகளே. சாமி மாத்திரையை உடைக்காமல் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். சோற்றில் பொடித்துப் போட்டால் பெரும்பகுதி வீண். நம் ஊரில் நாய்க்கு மஞ்சள் காண்பதற்கு முக்கியமான காரணங்கள் வேறு. உண்ணி பரப்பும் பபேசியா என்ற கிருமி ரத்த அணுக்களை உடைப்பதாலும் மஞ்சள் வரும், அங்கே முதல் குற்றவாளி ஈரலே அல்ல. மழைக்காலத்து எலிக்காய்ச்சல் இன்னொன்று. அதற்கு ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும், ஏனென்றால் கீழாநெல்லியை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஈரலோடு சிறுநீரகமும் கெடுகிறது, அந்த நாயின் சிறுநீரைக் கழுவிவிடும் வீட்டாருக்கும் அதே கிருமி தொற்றலாம்.