பழைய பாக்கி

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், "ஓப்பனிங் பேலன்ஸ் என்ன?" என்றுதான் முதலில் கேட்பான். ஏப்ரல் முதல் தேதி புது லெட்ஜர் எடுப்பார்கள். மூலைக்கு மூலை சந்தனம், குங்குமம், மேலே பிள்ளையார் சுழி. அட்டகாசம்! ஆனால் முதல் வரியில் என்ன இருக்கும்? போன வருஷத்துப் பாக்கி.

மனுஷனுக்கும் ஊர் இப்படித்தான் கணக்கு எழுதுகிறது. நீங்கள் பாங்க்கில் ஆபீசர் ஆகியிருக்கலாம், புதூரில் வீடு கட்டியிருக்கலாம். டீக்கடை பெஞ்சில், "யாரு, அவனா? அவய்ங்க அப்பா கதை தெரியும்ல?" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போச்சு. முப்பது வருஷத்து வரவு செலவு வடை ஆறுவதற்குள் ஆடிட் ஆகிவிடும்.

பாக்கி பெரிசாக இருக்கிறதே என்று ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு ஒரு சிபாரிசு. ஒரு லீவு நாளில் மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறுங்கள். மூன்று மணி நேரம் சொச்சம். தாமிரபரணிப் பாலம் தாண்டினால் பாளையங்கோட்டை. அங்கே பழைய கோட்டைக்குள் இருந்த பகுதியில் சின்னதாக ஒரு சர்ச் இருக்கிறது. 1785-ல் திறந்தது. கட்டியவர் ஒரு பெண்.

அந்த அம்மாவுக்கு கோகிலா என்பது முதல் பெயர் என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டி பிராமணக் குடும்பம். சின்ன வயசிலேயே புருஷன் செத்துப் போனார். சிதையில் ஏற்றப் போன நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி காப்பாற்றினார் என்பது பாளையங்கோட்டையில் வழிவழியாகச் சொல்லும் கதை. அதிகாரி பெயர் லிட்டில்டன். அவர் அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார், பைபிள் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் பண்ணிக் கொள்வதாகவும் சொன்னாராம். அதை மட்டும் பண்ணவில்லை. (இந்த விஷயத்தில் உலகம் பூராவும் ஆம்பிளைகள் ஒரே ஜாதி.)

இப்போது கணக்கைப் பாருங்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. விதவை, அதுவும் வெள்ளைக்காரனோடு இருக்கிறவள். சரி, அவர் சொல்லிக் கொடுத்த சாமியிடமாவது போகலாம் என்று ஞானஸ்நானம் கேட்கப் போனார். அங்கே இருந்தவர் சுவார்ட்ஸ் ஐயர்.

சுவார்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மன்காரர். தமிழ், மராட்டி எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைக்காரனையே நம்பாத ஹைதர் அலி இவரை நம்பினார். 1779-ல் கம்பெனி சமாதானம் பேச அனுப்பியது இவரைத்தான். அப்பேர்ப்பட்ட நல்ல மனுஷன் அந்தப் பெண்ணிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். தாலி கட்டாமல் ஒருத்தரோடு வாழ்கிறாய், அது சரியாகாமல் இது ஆகாது.

ரூல்ஸ்படி பார்த்தால் கரெக்ட். எனக்கென்னவோ, தாலுகா ஆபீசில் "இந்த சர்ட்டிபிகேட் இல்லாமல் அந்த சர்ட்டிபிகேட் தர முடியாது" என்கிற குரல்தான் கேட்கிறது. கட்ட வேண்டிய ஆள் கட்டவில்லை. அபராதம் இந்தம்மா தலையில்!

நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? "போய்யா, உன் சாமியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று வந்துவிடுவோம். நான் நிச்சயமாக வந்துவிடுவேன். அந்தம்மா அப்படி விடவில்லை. கதவைச் சாத்தினது சுவார்ட்ஸ், சாமி இல்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் கோயிலையும் சர்ச்சையும் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்!

லிட்டில்டன் இறந்து போனார். மறுபடி விதவை மாதிரிதான். இந்த முறை அந்தப் பட்டம்கூடக் கிடையாது. 1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டை வந்தபோது மறுபடி கேட்டார். இந்தத் தடவை தலையில் தண்ணீர் விழுந்தது. கிளாரிந்தா என்று பெயர் வைத்தார்கள்.

இதோடு சுபம் போட்டால் சினிமா. எனக்குப் பிடித்த கட்டம் இதற்கப்புறம்தான். இரண்டு வருஷம் கழித்து, 1780-ல், பாளையங்கோட்டைச் சபைக்கு முதன்முதலாக ஒரு பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். மொத்தம் 40 பேர். பல ஜாதிக்காரர்கள். ஒரே தெருவில் நடந்தால் சண்டை வருகிற ஜாதிகளும் உண்டு. முதல் பெயர், கிளாரிந்தா.

அந்தக் காலத்தை யோசியுங்கள் சார். ஒரு விதவை காலையில் எதிரே வந்தால், கிளம்பினவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணி குடித்துவிட்டுப் போவான். மனையில் உட்காரக் கூடாது, மஞ்சள் தொடக் கூடாது, கல்யாண வீட்டில் கொல்லைப்புறத்தோடு சரி. இங்கே முதல் வரியில் அவர் பெயர். எல்லோரும் அவருக்குப் பின்னால். அந்த நம்பிக்கை அவருக்கு என்ன கொடுத்தது என்று பிரசங்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியலைக் காட்டத்தான் தெரியும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தது. கம்மென்று வீட்டோடு உட்கார்ந்து காலத்தை ஓட்டியிருக்கலாம். அதில்தான் சர்ச் எழும்பியது. கூட இரண்டு வெள்ளைக்காரர்கள் கை கொடுத்தார்கள். 1785-ல் அதைத் திறந்து வைத்து ஜெபம் பண்ணியவர் யார் தெரியுமா? முதலில் முடியாது என்று சொன்ன அதே சுவார்ட்ஸ்! தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். இரண்டு பேரும் அன்றைக்கு நேருக்கு நேர் நின்றபோது பழசை ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா என்று எனக்கு ஒரு நைப்பாசை.

ஊர் சும்மா விடுமா? அந்த சர்ச்சை பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். அவர் வெட்டிய கிணறு பாப்பாத்தியம்மாள் கிணறு. பிறந்த வீடு கைவிட்டு, ஜாதி தள்ளி வைத்து, பெயரே மாறின பிறகும் பழைய பாக்கி கேரி ஓவர் ஆகிவிட்டது. ஆனால் ஒன்று. அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே எல்லா ஜாதிக்காரனும் உள்ளே போய் உட்கார்ந்தான், அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே தண்ணி சேந்தினான்.

பிற்பாடு இந்தக் கதையில் மாட்டிக் கொண்டவர் அ.மாதவையா. திருநெல்வேலிச் சீமை பிராமணர், உப்பு இலாகாவில் உத்தியோகம். (ஆபீஸ் வேலை பார்த்தால் எழுத நேரமில்லை என்கிறவர்கள் கவனிக்க.) ஊர்ப் பெரியவர்கள் வாயிலிருந்து கிடைத்ததைச் சேர்த்து 1915-ல் 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். தமிழிலும் வந்திருக்கிறது. கிடைத்தால் பஸ்ஸில் எடுத்துப் போங்கள். கோவில்பட்டியில் வண்டி நிற்கும்போது கடலை மிட்டாய் வாங்க இறங்கினால், சீட்டில் துண்டைப் போடுங்கள். புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.