கறுப்புக் குதிரையும் ரசம் சாதமும்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் ஏதோ பேச்சுவாக்கில ஆரம்பிச்சார். "யூதன்னாலே வட்டிக்காரன் சார். தன் ஆளுங்களைத் தவிர ஊருக்கு ஒத்தக் காசு குடுக்க மாட்டான்." மனுஷன் முப்பது வருஷமா மும்பைவாசி. அதுவும் பைகுலாவுல குடித்தனம். அந்த நேரம் பார்த்து ரசம் வந்துச்சு, நானும் வாயை மூடிக்கிட்டேன். அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

பைகுலா ராணி பாக் பக்கம் ஒரு மணிக்கூண்டு நிக்குதே, அது யார் பேர்ல? டேவிட் சசூன். பாக்தாத்ல தாவூத் பாஷாவோட தொல்லை தாங்காம தப்பிச்சு, 1830கள்ல பம்பாய் வந்து சேர்ந்த யூத வியாபாரி. அங்கேயே மியூசியத்துக்குள்ள போனா ஆல்பர்ட் இளவரசர் சிலை. அதுவும் சசூன் செய்யச் சொல்லிக் கொடுத்ததுதான். ஹீப்ரு எழுத்தே பொறிச்சிருக்கும். யாரும் நின்னு பார்க்கிறதில்ல, எல்லாருக்கும் பெங்குவின் பார்க்கிற அவசரம்.

காலா கோடான்னு ஒரு ஏரியாவே இருக்கு. அந்தக் கறுப்புக் குதிரைச் சிலையை 1879ல ஊருக்குக் கொடுத்தது சசூனோட மகன் ஆல்பர்ட். 1965ல சிலையைப் பேத்து இதே ராணி பாக்குக்குக் கொண்டுவந்துட்டாங்க. பேர் மட்டும் அங்கயே தங்கிடுச்சு. 2017ல ஆளில்லாத புதுக் குதிரை ஒண்ணு அங்க வெச்சாங்க. அந்தக் குதிரைக்குக் கூப்பிடு தூரத்துலதான் 1870ல திறந்த சசூன் நூலகம். பின்னாடி சின்னதா ஒரு தோட்டம். அந்தச் சத்தக்காட்டுல அப்படி ஒரு நிழல் கிடைக்கிறது சாமானியமில்ல. புனேல 1867லேர்ந்து சசூன் ஆஸ்பத்திரி இருக்கு. அங்க போய் படுத்த லட்சக்கணக்கான பேர்ல யூதர் எத்தனை பேர் இருந்திருப்பாங்க, சார்?

"அதெல்லாம் அபின் காசு"ன்னு ஒரு கோஷ்டி வரும். ஆமாங்க, அபின் காசுதான். சசூன் குடும்பம் சீனாவுக்கு அபின் அனுப்பிச் சம்பாதிச்சது. அதைக் கல்வெட்டுலயே வெட்டி வைங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குப் பேர் கொடுத்த ஜீஜீபாயும் அபின் வியாபாரிதானே? அவரை வள்ளல்னு சொல்றோம். "பார்சி புத்தி"ன்னு யாராவது இழுக்கிறோமா? ஒருத்தர் செஞ்சா அவரோட தப்பு, இன்னொருத்தர் செஞ்சா அவங்க இனத்தோட புத்தியா? என்ன தராசுங்க இது!

அடுத்த கோஷ்டி இஸ்ரேலை இழுக்கும். இஸ்ரேல் அரசைத் திட்டணுமா, தாராளமாத் திட்டுங்க, நானும் கூட வரேன். அதுக்கும் 1937ல பம்பாய் மேயரா இருந்த டாக்டர் எலைஜா மோசஸுக்கும் என்ன சம்பந்தம்? அவர் பெனே இஸ்ரேல் சமூகத்துக்காரர். பரம்பரை பரம்பரையா கொங்கணக் கரையில இருந்து, மராத்தி பேசி வாழ்ந்த ஜனம். கைவிரல் விட்டு எண்ணுற அளவு யூதர் இருக்கிற ஊர்ல, அவங்க ஓட்டை மட்டும் வெச்சு ஒருத்தர் மேயர் ஆக முடியுமா? மத்தவங்க நம்பித்தானே உட்கார வெச்சாங்க?

இன்னொண்ணு. ராணி பாக்குல பெரியவங்களுக்கு அஞ்சு ரூபாயா இருந்த டிக்கெட்டை 2017ல அம்பது ரூபாயா ஏத்தினது எந்த சசூனும் இல்ல, மாநகராட்சி. ஞாயித்துக்கிழமை பசங்களோட காத்து வாங்கப் போற கூலிக்காரன் குடும்பத்துக்குப் போக வர பஸ் காசு தனி. வட்டிக்காரப் புத்தியைத் தேடறவங்க அங்க போய்த் தேடலாம். பந்திக்காரர் அதைப்பத்தி மூச்சு விடல.

டிஸ்கி: மகாலட்சுமி ஸ்டேஷன் பக்கத்துல "டாக்டர் இ. மோசஸ் ரோடு"ன்னு போர்டு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இ-மெயில் மாதிரி இ-மோசஸ்னு ஏதோ கம்பெனி போலன்னு ரெண்டு வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க.