யாருடைய மலை உங்கள் சுவரில்?

தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிப்பது நம்மவர் வழக்கம். புது வண்ணப்பூச்சு, புதுத் திரைச்சீலை. அவற்றோடு கேன்வாஸில் அச்சிட்ட இயற்கைக் காட்சி ஓவியம் ஒன்றும் இப்போது கூடத்துச் சுவரில் ஏறிவிடுகிறது. பனிமுகடு, ஊசியிலைக் காடு, மூடுபனி. வரைந்தவர் யார், அது எந்த ஊர் என்று கேட்டால் விடை இல்லை. சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவே!

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் எதை வரைகிறார்கள்? இரண்டு முக்கோண மலைகள், நடுவே ஒரு சூரியன். கட்டுரையிலும் அதே மலை, அதே சூரியன். இத்தீவின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமா 164 மீட்டரைத் தாண்டாது! காணாத மலையைப் பற்றி எழுதும் பிள்ளைக்குச் சொற்கள் மனப்பாடத்திலிருந்துதான் வரும். கண்ட மரத்துக்கோ அதனிடம் பெயர் இல்லை.

மேனாட்டு ஓவியத்தின்மீது எனக்குப் பகை இல்லை. ரொமாண்டிக் பாணி ஓவியர்கள் செய்தது என்ன? ஜான் கான்ஸ்டபிள் 1821இல் தீட்டிய 'வைக்கோல் வண்டி' தொலைதூரக் கனவன்று. அவர் தந்தையின் ஆலை இருந்த ஆற்றங்கரை. காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1818 வாக்கில் தீட்டிய, மூடுபனியை நோக்கி நிற்கும் மனிதனின் காலடிப் பாறை, சாக்சனி மலைப்பகுதியில் அவரே நேரில் கண்டு வரைந்துகொண்டது. அவர்கள் தம் மண்ணை உற்று நோக்கினர். நாமோ அவர்கள் கண்டதை விலைக்கு வாங்கினோம். காணும் பழக்கத்தை வாங்கவில்லை.

அப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டவர் நம் அண்டை நாட்டிலேயே இருந்தார். ஜாவாவின் ராடன் சாலே ஐரோப்பாவில் ஓவியம் பயின்றவர். மலைவிளிம்புக்குத் தீயால் விரட்டப்படும் புலிகளை அவர் 1849இல் தீட்டிய 'காட்டுத்தீ', ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 4 மீட்டர் அகலமும் கொண்டு, நம் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. தாயகம் திரும்பியபின் 1865இல் ஜாவாவின் மெராப்பி எரிமலையைத் தீட்டினார். கற்ற பாணி ஐரோப்பாவினது. கண்ட மலை அவருடையது.

"அச்சுப்படம்தானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்பீர்கள். அச்சில் இழிவில்லை. ராஜா ரவிவர்மா 1894இல் அச்சகம் தொடங்கியபின் அவருடைய ஓவியங்கள் எளியோர் வீடுகளுக்கும் சென்றன. தேக்காவில் சட்டமிட்ட சாமிப்படம் வாங்கும் பாட்டிக்கு அப்படத்தின் கதை தெரியும், பேரனுக்கும் சொல்வார். நம் கூடத்துப் பனிமலையைக் காட்டி நாம் சொல்லும் கதை எது?

நிலத்தையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. சங்கப் புலவர்கள் மலைக்குக் கூடலையும் கடற்கரைக்கு இரங்கலையும் உரிமையாக்கினர். நெய்தல் நிலத்துப் புன்னை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இன்றும் நிழல் தருகிறது. கண்டல் மரங்கள் சுங்கை பூலோவில் சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. முல்லை நிலத்துக் கொன்றை நம் சாலையோரங்களில் பொன்னாய்ப் பூக்கிறது. பாடத்தில் புன்னையைப் படிக்கும் பிள்ளை, அதன் நிழலிலேயே மிதிவண்டி ஓட்டிவிட்டு அறியாமல் வீடு திரும்புகிறது. கொடுமை அன்றோ!

பெற்றோர்களே, ஞாயிறு காலை பிள்ளையை அம்மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள். அதன் பூவையும் இலையையும் உற்றுப் பார்த்து வரையச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைக்கு 'இயற்கைக் காட்சி' என்னும் தலைப்பை விடுத்து, 'எங்கள் புளோக்கின் கீழே நிற்கும் மரம்' என்று கொடுத்துப் பாருங்கள்.

பிள்ளை வரைந்த படத்தையும் கேன்வாஸில் அச்சிட்டுத் தருவார்கள். இயந்திரம் வேறுபாடு பார்ப்பதில்லை. சோபாவுக்குப் பொருந்தாவிட்டால், சோபாவை நகர்த்துங்கள்!