குழந்தை கேட்கும்போது வீடு என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 17 அன்று கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகள் மணிப்பூர் போராளி இரோம் சர்மிளா. மணமகன் பிரிட்டன் குடிமகன் டெஸ்மண்ட் கோட்டினோ. இனம் வேறு, மதம் வேறு, நாடு வேறு. சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்பு வெளியானதும், இவர் இங்கே குடியேறினால் மலையின் அமைதி கெட்டுவிடும் என்று எதிர்ப்பு மனு போட்டார்கள். அதையும் மீறித் திருமணம் நடந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2016 மார்ச் 13 அன்று, இதே மலையின் அடிவாரத்திலுள்ள பழனியைச் சேர்ந்த கௌசல்யாவை மணந்ததற்காகத் தலித் இளைஞர் சங்கர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

சாதியையும் இனத்தையும் மீறி மணந்தவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்த வீடுகளில் வளரும் குழந்தைகளைப் பற்றிப் பேசியது குறைவு.

நியாயம் என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்குத் தெரியாது என்பது பெரியவர்களின் வசதியான நம்பிக்கை. 2015-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 4 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து மிட்டாய் பங்கிட்டார்கள். ஒரு பிள்ளை பங்கீட்டை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் இருவருக்குமே கிடையாது. தனக்குக் குறைவாக வந்தபோது மறுக்கும் குணம் ஏழு நாட்டிலும் தென்பட்டது. தனக்கு அதிகமாக வந்தபோதும் மறுக்கும் குணம் அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே, அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம்தான் தென்பட்டது.

'எனக்கு ஏன் குறைவு?' என்று கேட்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 'எனக்கு ஏன் அதிகம்?' என்ற கேள்வி வளர்ப்பில் வருவது. சாதிச் சமூகம் பயப்படுவது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த இரண்டாவது கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஆதிக்கச் சாதித் தாத்தா வீட்டில் பேரனுக்கு நடுவீட்டில் சோறு. அவன் தலித் அம்மாவுக்குத் திண்ணையில் தனித் தட்டு. அவனுக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அம்மாவுக்குக் குறைந்தது அவனுக்கு வலிக்கிறது. 'அம்மா ஏன் உள்ளே வரல?' என்று கேட்கிறான். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லும் பதில்தான் அவன் யாராக வளர்வான் என்பதை முடிவு செய்கிறது. 'அது அப்படித்தான் கண்ணு, சாப்பிடு' என்றால், அதிகமாகக் கிடைப்பதை வாய்மூடி வாங்கிக்கொள்ளும் முதல் பாடத்தை அவன் கற்கிறான். அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய் உட்கார்ந்தால் வேறு பாடம் கற்கிறான்.

அகமணத்தை உடைப்பதே சாதியை ஒழிக்கும் வழி என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். மணத்தோடு அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் இப்படிப் பிறந்த குழந்தைக்குத் தாயின் சாதியிலோ தந்தையின் சாதியிலோ சான்றிதழ் பெறலாம். தலித் என்று சான்றிதழ் வாங்கிவிட்டு, தலித் உறவுகளின் வாசலைக் குழந்தைக்குக் காட்டாமல் வளர்க்கும் வீடுகளும் உண்டு. உரிமை மட்டும் வேண்டும், உறவு வேண்டாம் என்பதும் தீண்டாமைதான்.

எனவே சாதி மறுத்து மணந்த தோழர்களிடம் நாம் கேட்பது இதுதான். பிள்ளையிடம் சாதியை மறைக்காதீர்கள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வீட்டிலும் அவர்கள் ஒரே மாதிரி உண்டு உறங்கட்டும். உங்களில் ஒருவரை உள்ளே விடாத வீட்டுக்குக் குழந்தையை மட்டும் அனுப்பாதீர்கள். ஏன் அனுப்பவில்லை என்று அது கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு அது புரியும்.